கடல் இல்லாத ஊரில் கடற்படை: அரக்கோணம் நாட்குறிப்பு

ஜூன் 20, 2025, வெள்ளி

வேலூர்க்காரர்களுக்கு அரக்கோணம் தெரியாத ஊர் அல்ல. ஆனால் தெரிந்ததெல்லாம் நடைமேடையோடு முடிந்துவிடும். காட்பாடியில் ஏறிச் சென்னைக்குப் போகிறவர்கள் அங்கே டீயும் சமோசாவும் வாங்குவார்கள். திருத்தணிக்கோ காஞ்சிபுரத்துக்கோ போகிறவர்கள் வண்டி மாறுவார்கள். நிலையத்துக்கு வெளியே இருக்கும் ஊரைப் பற்றி எங்கள் பக்கத்தில் பேச்சே எழுவதில்லை. சித்தப்பா மகளின் கணவருக்கு ராஜாளி கடற்படை விமான தளத்துக்கு மாற்றலாகிக் குடும்பம் இங்கே வந்தது. அவரை இப்போது வேலை நிமித்தம் வேறொரு தளத்துக்கு அனுப்பியிருப்பதால், கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் தங்கை, "வந்து கொஞ்ச நாள் இருந்துட்டுப் போண்ணா" என்று அழைத்தாள்.

நண்பகல் வெயிலில் இறங்கினேன். ஆனி பிறந்தும் அக்னி நட்சத்திரத்தின் காந்தல் குறையவில்லை. ஆட்டோக்காரர் முதலில் கேட்டது எந்தத் தெரு என்பதல்ல; "நேவிக்கா, டவுனுக்கா சார்?" என்பதுதான். டவுனுக்கு என்றதும் தொண்ணூறு ரூபாய் சொன்னார், எண்பதுக்கு ஒப்புக்கொண்டார். வழியெல்லாம் இந்த ஊர் இரண்டாகப் பிரிந்திருப்பதை அவரே விளக்கிக்கொண்டு வந்தார். ரயில்வே ஒரு பக்கம், நேவி ஒரு பக்கம், நடுவில்தான் நாங்கள் என்றார்.

அவர் சொன்னதில் வரலாறும் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது இந்தத் தடத்தில்தான். பிறகு ரேணிகுண்டா பக்கம் ஒரு கிளையும் செங்கல்பட்டு பக்கம் ஒரு கிளையும் பிரிந்தன. சந்திப்பும் பணிமனையும் மின்சார எஞ்சின் கொட்டகையும் வந்து ஊர் வளர்ந்தது. விமான ஓடுதளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தைச் சேர்ந்தது. ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் 1942-இல் சென்னை மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடிய நாட்களை நினைத்துப் பார்த்தால் அதன் தேவை புரியும். அந்தப் பழைய தளத்தைக் கடற்படை எடுத்துப் புதுப்பித்து, 1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் கையால் படையில் சேர்த்தது. ஓடுபாதை நான்கு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். கண்ணுக்கெட்டிய தூரம் கடலே இல்லாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஆனால் இங்கிருக்கும் பி-8ஐ ரோந்து விமானம் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்கக்கூடியது. எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வங்கக்கடல் அதற்கு ஐந்தாறு நிமிடத் தொலைவு.

தங்கை இருப்பது மாடிப் போர்ஷன். இரண்டு அறை, சமையலறை, ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாடகை, தண்ணீருக்குத் தனியாக முந்நூறு. தெருவில் நான்கைந்து வீடுகளில் வாடகைப் பலகை தொங்குகிறது; தமிழில் எழுதி, அடியிலேயே இந்தியிலும் எழுதியிருக்கிறார்கள். கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கடற்படைக் குடும்பங்களுக்கு வீடு கொடுப்பதையே விரும்புகிறார். மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும், சுவரில் ஆணி அடிக்க மாட்டார்கள், இரண்டு மூன்று ஆண்டுகளில் தாமாகவே காலி செய்துவிடுவார்கள் என்று காரணம் அடுக்கினார். கடைசியாகச் சொன்னதைக் குரல் தாழ்த்திச் சொன்னார்: "பழகினப்புறம் போயிடுறாங்க, அதான் கஷ்டம்." நான் வேலூர் என்றதும், வட ஆர்க்காடு, வேலூர் மாவட்டம், 2019-க்குப் பிறகு இராணிப்பேட்டை மாவட்டம் என்று முகவரி மாறிக்கொண்டே இருந்தாலும் பெரிய வைத்தியம் என்றால் வேலூர்தான் என்று ஆறுதலாகச் சொன்னார்.

மாலை நான்கரை மணி இருக்கும். வடகிழக்கே முழக்கம் எழுந்து, கூரைத் தகடு அதிர்ந்து, சாம்பல் நிற விமானம் ஒன்று மாடிக்கு மேலே தாழ்வாக வளைந்து போனது. நான் எழுந்து கைப்பிடிச் சுவர் வரை போய்விட்டேன். பத்து மாதக் குழந்தை தலையைக்கூடத் திருப்பாமல் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு எதிர் வீட்டிலிருந்து ராஜ்மா வந்தது. இமாசலப் பிரதேசத்துக் குடும்பம். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று தங்கை கத்தரிக்காய் காரக்குழம்பை ஊற்றிக் கொடுத்தாள். அந்தப் பெண் கதவருகில் நின்றபடி, "அண்ணா, சாப்ட்டீங்களா?" என்று சுத்தமான வட ஆர்க்காட்டு உச்சரிப்பில் என்னைக் கேட்டார். காய்கறிக் கடையில் கற்ற தமிழ் என்றாள் தங்கை.

ஜூன் 21, சனி

காலையில் கடைத்தெருவுக்குப் போனேன். இட்லியும் வடகறியும் நாற்பத்தைந்து ரூபாய். வடகறியில் சோம்பு தூக்கலாக, பருப்பு அரைபட்டும் அரைபடாமலும் இருந்தது. அதே கடையில் எனக்கு அடுத்த மேசையில் முடியை ஒட்ட வெட்டிய இளைஞர்கள் பூரியைத் தயிரில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். பரிமாறுகிறவர் கேட்காமலேயே தயிரைக் கொண்டு வந்து வைத்தார். மாம்பழக் காலம் முடியப்போகிறது. சித்தூர் பக்கத்திலிருந்து வந்த பங்கனப்பள்ளி கிலோ எழுபது, செந்தூரா ஐம்பது. கடைக்கார அம்மாள் தெலுங்கில் ஒருவருக்கும் தமிழில் எனக்கும் இந்தியில் வேறொருவருக்கும் விலை சொல்லி, மூவருக்கும் ஒரே விலைதான் சொன்னார்.

சீருடை தைக்கும் கடை ஒன்றில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். தங்கை கணவரின் வெள்ளை உடுப்பை வாங்கி வரச் சொல்லியிருந்தாள், தயாராகவில்லை. உட்காருங்கள் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார் தையல்காரர். அவருடைய மேசையின் மேல் சலவை செய்த பழைய வேட்டி ஒன்று விரித்திருக்கிறது. அதன் மேல்தான் வெள்ளைத் துணியை வைக்கிறார். ஒவ்வொரு முறை துணியைத் தொடுவதற்கு முன்னும் பக்கத்து வாளியில் கையை நனைத்து, துண்டில் துடைத்து, விரல்களை விளக்கொளியில் ஒரு முறை பார்த்துக்கொள்கிறார். மிஷினுக்கு எண்ணெய் போடுவதை இரவு கடை மூடும்போது மட்டும் செய்கிறாராம். காலையில் முதலில் ஒரு கந்தைத் துணியில் நான்கு வரி ஓட்டி, எண்ணெய்க் கறை படியவில்லை என்று உறுதி செய்த பிறகே வெள்ளையை ஏற்றுகிறார். நங்கூரம் பொறித்த தோள்பட்டையை ஊசியால் கையில்தான் தைத்தார். நங்கூரம் அரைக்கால் அங்குலம் சாய்ந்தாலும் அணிவகுப்பில் தெரிந்துவிடும், பேச்சு வாங்குவது போட்டிருக்கிற பையன்தான் என்றார். ஓர் உடுப்புக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் கூலி. இந்த மனிதர் இத்தனை ஆண்டுகளில் ஒரு முறைகூட தளத்துக்குள் போனதில்லை. அவர் தைத்த துணி மட்டும் அந்தமானுக்கும் கொச்சிக்கும் போய் வருகிறது.

பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் 2015 டிசம்பரைப் பற்றிக் கேட்டேன். கேட்டதும் கடைக்காரர் பாய்லரை விட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார். பெருமழையில் அந்த டிசம்பர் 1 மாலையோடு சென்னை விமான நிலையம் மூடப்பட்டு, 6-ஆம் தேதி வரை பயணிகள் போக்குவரத்துக்குத் திறக்கவில்லை. இடையில், 4-ஆம் தேதி முதல், ராஜாளியின் ஓடுபாதையைப் பயணிகளுக்குத் திறந்துவிட்டார்கள். அரசுப் பேருந்துகள் சென்னைக்கும் இங்கேயும் பயணிகளை ஏற்றி இறக்கின. "அந்த வாரம் எங்க ஊருதான் சார் மெட்ராஸ் ஏர்போர்ட்டு!" என்றார் அவர். பெட்டிச் சக்கரமெல்லாம் சேறு, போனில் சார்ஜ் இல்லை, வெளிநாட்டு விமானத்தைத் தவறவிட்டவர்களுக்கு அழுகை. கடையில் இருந்த ஒரே பிளக்கில் வரிசை போட்டு ஆளுக்குப் பத்து நிமிடம் என்று சார்ஜ் போட விட்டாராம். டீயின் விலையை ஏற்றச் சொல்லிப் பக்கத்தில் சிலர் சொன்னபோது, ஏற்றவில்லை. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமை, பத்து ஆண்டு கழிந்தும் மங்காத பெருமை. அந்தச் சில நாட்களுக்குப் பிறகு கதவு மூடிக்கொண்டது. பாதுகாப்புக்கான இடம் அப்படித்தான் இருக்க முடியும் என்பதை அவரும் ஏற்கிறார்.

எங்கள் வேலூரின் நிலை இதற்கு நேர்மாறு. அப்துல்லாபுரத்தில் ஓடுபாதை இருக்கிறது. சிறு ஊர்களை விமானப் பாதையில் இணைக்கும் உடான் திட்டத்தில் அதைப் புதுப்பித்து, முனையக் கட்டடமும் கட்டியாகிவிட்டது. பயணிகள் விமானம் மட்டும் இன்னும் வரவில்லை. அரக்கோணத்தில் விமானங்கள் நாள்தோறும் பறக்கின்றன, ஊர்க்காரர் ஏற முடியாது; வேலூரில் ஏறுவதற்கு ஊரே காத்திருக்கிறது, விமானம் இல்லை. பழைய வட ஆர்க்காட்டு மண்ணின் இரண்டு ஓடுபாதைகளும் நமக்குப் பயன்படாமலே கிடக்கின்றன என்ற எண்ணம் எனக்கு இன்று முழுவதும் மனத்தை உறுத்தியது. தளம் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. அதைச் சுமக்கும் ஊருக்கு, வாடகையும் தையல் கூலியும் தவிர வேறென்ன திரும்பி வருகிறது என்று கேட்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

மதியம் ஆம்பூர் பிரியாணி என்று பலகை போட்ட கடையில் அரை பிளேட் நூற்று முப்பது. சீரகச் சம்பா உதிரியாக இருந்தது. தாளிச்சாவில் புளிப்பு போதவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

தக்கோலத்துக்குக் கிளம்பிய தனியார் பேருந்து, ஊரைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் டயர் பஞ்சராகி நின்றது. நடத்துநர் எல்லாரையும் இறக்கிவிட்டு, வயதானவர்களை மட்டும் உள்ளேயே உட்காரச் சொல்லி, வழியில் வந்த காரை நிறுத்தி ஜாக்கி வாங்கினார். முக்கால் மணி நேரம் புளியமர நிழலில் நின்றோம். எதிரே, முள்கம்பிச் சுருள் ஓடும் மதில். கல்லூரி மாணவன் போலிருந்த ஒருவன் மேலே போன ஹெலிகாப்டரைப் போனில் எடுத்தான். சிறிது நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்த காவலர்கள் இருவர் அதை அழிக்கச் சொன்னார்கள். அதட்டவில்லை. "தம்பி, பார்த்துக்கோ, ஆனா எடுக்காதே" என்று அவர்களில் தமிழர் சொன்னார். கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகளுக்குப் பயிற்சி தரும் பள்ளி இந்த மதிலுக்குள்தான் இருக்கிறது.

என்னோடு நின்ற பெரியவர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், விமானங்களைச் சத்தத்தை வைத்தே சொன்னார். பழைய ரஷ்ய விமானமான டி.யு.-142 இங்கே 2017 மார்ச் 29 வரை இருந்தது. நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டை விசிறி. அது கிளம்பினால் அலமாரியில் டம்ளர் நடக்கும் என்றார். 2013 மே மாதம் வந்த பி-8ஐ, போயிங் 737 பயணிகள் விமானத்தின் உடலைக் கொண்டது; அதன் ஒலி வழவழப்பாகப் போய்விட்டது என்று அவருக்குக் குறை.

ரயிலும் ஓடுபாதையும் மோதிக்கொண்ட கதையையும் அவர்தான் சொன்னார். செங்கல்பட்டுத் தடத்தை மின்மயமாக்கும் வேலை தக்கோலத்துக்கும் அரக்கோணத்துக்கும் இடையே நின்றுபோனது. ஓடுபாதைக்கு அருகில் மின்கம்பங்களும் கம்பிகளும் வருவதைக் கடற்படை ஏற்கவில்லை. நிலம் எடுத்து, தடத்தைச் சுற்றிக்கொண்டு போகும்படி புதிதாகப் போட்ட பிறகே, சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் வந்து திரும்பும் வட்ட ரயில் 2019-இல் ஓடத் தொடங்கியது. நூறு ஆண்டுக்கு மேல் மூத்த ரயில், இளையவனுக்கு வழிவிட்டது என்று அவர் சொன்ன தொனியில் வருத்தம் இல்லை. இருவரிடமும் சம்பளம் வாங்கியவர்கள் ஒரே தெருவில்தானே குடியிருக்கிறார்கள்.

தக்கோலத்தின் பக்கத்தில்தான் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது அணி இருக்கிறது. புயல் சின்னம் உருவானதும், 'அரக்கோணத்திலிருந்து வீரர்கள் விரைந்தனர்' என்று செய்தியில் வருமே, அது இங்கிருந்துதான். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையமும் இங்கே உண்டு. அதற்கு இந்த ஆண்டு மார்ச் மாதம் இராஜாதித்த சோழன் பெயரைச் சூட்டினார்கள். கி.பி. 949-இல் இந்த மண்ணில் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்கும் பராந்தக சோழனின் மூத்த மகன் இராஜாதித்தனுக்கும் போர் நடந்தது. கிருஷ்ணனின் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன் கையில், யானை மேல் இருந்தபடியே இராஜாதித்தன் மாண்டான். சோழர் கல்வெட்டுகள் அவனை 'யானை மேல் துஞ்சின' தேவர் என்கின்றன. தோற்றுப்போன இளவரசனின் பெயரை, ஆயிரத்து எழுபத்தாறு ஆண்டு கழித்து, போர்ப் பயிற்சி பெறும் பிள்ளைகள் நாள்தோறும் வாசலில் படிக்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

சோளிங்கர், திருத்தணிக் குன்றுகள் ஒதுங்கி நிற்க, காஞ்சி வரைக்கும் தட்டையாகக் கிடக்கும் நிலம் இது. யானைப் படை திரண்டு நிற்கவும், ரயில் தடங்கள் கூடவும், நான்கு கிலோமீட்டர் ஓடுபாதை கிடக்கவும் இந்தச் சமவெளியே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

குசஸ்தலை ஆற்றங்கரையில் சம்பந்தர் பாடிய திருவூறல், ஜலநாதீசுவரர் கோயில். ஆற்றில் மணலும் நாணலும்தான். ஒரு காலை மடித்துத் தலையைச் சற்றே சாய்த்து உட்கார்ந்திருக்கும் தட்சிணாமூர்த்தியை வேறெந்தக் கோயிலிலும் நான் இந்தக் கோலத்தில் பார்த்ததில்லை. கோட்டத்துக்கு முன் நின்றிருந்தபோது மேலே ஒரு விமானம் போக, குருக்கள் மந்திரத்தை நிறுத்தி, ஒலி அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

கடைத்தெருவில் பயிற்சி மையத்துப் பிள்ளைகள். ஞாயிறு வெளியே விடுவார்கள் போலும். இராஜஸ்தான், பீகார், ஹரியானா என்று ஊர் சொன்னார்கள். வேகவைத்த வேர்க்கடலை விற்ற பாட்டி, "மல்லாட்ட சாப்புடு ராஜா, ஒடம்புக்கு நல்லது" என்று படி இருபது ரூபாய்க்கு அளந்து, அதற்கு மேல் ஒரு கை அள்ளிப் போட்டார். அந்தப் பையனுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. குனிந்து பாட்டியின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பாட்டி கூச்சப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

மூன்று மணிக்கு மேற்கே கறுத்து, இடியோடு மழை. பேருந்து நிழற்குடையில் ஒதுங்கினோம், கூரை ஒழுகியது. அரை மணி நேரத்தில் விட்டு, புழுக்கம் இரட்டிப்பானது.

ஜூன் 23, திங்கள்

ஊருக்குக் கிளம்பும் நாள். ஆறு மணிக்கு முன்பே விழிப்பு வந்துவிட்டதால் பக்கத்து மைதானத்துக்கு நடந்தேன். முப்பது பேருக்குக் குறையாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள், பெண்கள் எட்டுப் பத்துப் பேர் உட்பட. கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று இந்த ஊரிலேயே வீடு கட்டித் தங்கிவிட்ட ஒருவர் கையில் கடிகாரத்தோடு நிற்கிறார். பணம் வாங்குவதில்லை, வாழைப்பழத்துக்கு மட்டும் பிள்ளைகளே ஆளுக்குப் பத்து ரூபாய் சேர்க்கிறார்கள்.

மூச்சு வாங்க வந்து உட்கார்ந்த பத்தொன்பது வயதுப் பையனோடு பேசினேன். அப்பா டயர் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அக்னிவீரராகக் கடற்படையில் சேர வேண்டும், 1.6 கிலோமீட்டரை ஆறரை நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அவனுக்கு ஆறு நிமிடம் நாற்பத்தொன்பது நொடி ஆகிறது. நான்கு ஆண்டுதான் வேலை, நான்கில் ஒருவரைத்தான் நிலையாக வைத்துக்கொள்வார்கள், அதுதான் அம்மாவுக்குக் கவலை என்றான். பிறந்ததிலிருந்து வீட்டு மேலே விமானம் போகிறது, மதிலுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லையாம்.

"செலக்ட் ஆனா, ட்ரெய்னிங் இங்கயே குடுப்பாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணா, ஒடிசா. ஐ.என்.எஸ். சில்கா. அங்க முடிச்சு, எங்க போஸ்டிங் போடுறாங்களோ அங்க."

வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் வாசலுக்குள் நுழைய அவன் ஒடிசா வரை போய்வர வேண்டும். அப்போதும் இந்த ஊர் கிடைக்கும் என்பது உறுதியில்லை. கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறாயா என்றேன். இல்லை, முதலில் கடலைப் பார்க்க வேண்டும் என்றான். மெரினா தவிர வேறு கடல் பார்த்ததில்லை. பயிற்சியாளர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வெயில் ஏறுவதற்குள் இன்னும் இரண்டு சுற்று, கடைசி இருநூறு மீட்டரில் கையை வீசு என்றார். அவன் மீதிப் பழத்தை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினான்.